சார்ஜ் ஏறாத பழைய அவுட்போர்டு எஞ்சின்: கேள்வி பதில்

செல்ஃப் ஸ்டார்ட்டர் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்களில் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்களில்) பேட்டரி சார்ஜ் ஏறாதது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் காயிலான ஸ்டேட்டரின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

கேள்வி: ஐயா, என் 40 குதிரைத்திறன் எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் பகல் முழுவதும் கடலில் ஓடிவிட்டு வந்தாலும் பேட்டரி இறங்கியே இருக்கிறது. ஸ்டேட்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (தூத்துக்குடி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் உட்புறம் காந்தங்கள் இருக்கின்றன. அவை சுற்றும்போது கீழே உள்ள ஸ்டேட்டர் காயிலில் ஏசி மின்சாரம் பிறக்கிறது. ரெக்டிஃபையர் அதை டிசியாக மாற்றுகிறது. அங்கிருந்து சிவப்பு வயர், ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, தடித்த கேபிள் என்று பல இணைப்புகளைக் கடந்துதான் அது பேட்டரிக்கு வந்து சேர்கிறது. இதில் எந்த இடம் அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான்.

முதலில் பேட்டரியைக் கரையில் முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அதில் ஏறக்குறைய கால்பங்குதான் மிச்சம். அந்தப் பேட்டரியை நம்பி மற்ற எதையும் சோதிக்க முடியாது. பிறகு படகைத் தண்ணீரில் வைத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் ஓடவிட்டு, பேட்டரி முனைகளிலேயே அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12.4 என்று நின்று மெல்ல இறங்கினால் ஏறவில்லை.

ஏறவில்லை என்றாலும் உடனே ஸ்டேட்டரைத் தொடாதீர்கள். எஞ்சின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை ரெக்டிஃபையரின் சிவப்பு வயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது அந்த வழியில்தான் இருக்கிறது. எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையிலும் இதையே செய்யுங்கள். இந்த மைனஸ் பக்க இணைப்பில் வரும் எர்த் பழுதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உப்புக்காற்றில் நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன. கேபிள் வெளியே புதிதுபோல இருக்கும். டெர்மினலுக்குப் பக்கத்தில் உறையை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். நல்ல செம்பு பளபளக்கும். உப்பு ஏறிய செம்பு கறுத்துப்போய், விரலால் தேய்த்தால் பச்சைக் களிம்பு தூளாக உதிரும். பற்றவைக்கும் ஈயம்கூட அதில் பிடிக்காது. கறுப்பு மறையும் இடம் வரை வெட்டிவிட்டுப் புது டெர்மினல் போடவேண்டும். பேட்டரி முனையில் கையால் திருகும் சிறகு நட்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டு முறுக்கும் நட்டாக மாற்றுங்கள். அலையில் படகு அடிபடும்போது சிறகு நட்டு தளர்ந்துவிடும்.

கேள்வி: எஞ்சின் ஓடுகிறது என்றால் ஸ்டேட்டர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? (கன்னியாகுமரி)

பதில்: இல்லை. இந்த எஞ்சின்கள் பலவற்றில் பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயில் தனி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் காயில் தனி. இரண்டும் ஒரே ஃபிளைவீலுக்கு அடியில் இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்று எரிந்துபோனாலும் மற்றது வேலை செய்யும். தீப்பொறிக் காயிலின் வயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் வரும். எஞ்சின் ஓடும்போது அவற்றைத் தொடக்கூடாது. மூடி திறந்த எஞ்சினுக்கு மேல் குனியும்போது தோள் துண்டையும் எடுத்துவிடுங்கள், ஃபிளைவீல் இழுத்துவிடும்.

கேள்வி: வயரிங் முழுவதும் சரிபார்த்துவிட்டேன். ரெக்டிஃபையரா, ஸ்டேட்டரா என்று எப்படிப் பிரித்தறிவது? (ராமேஸ்வரம்)

பதில்: ஸ்டேட்டரிலிருந்து ரெக்டிஃபையருக்குப் போகும் இரண்டு வயர்களைக் கண்டுபிடியுங்கள். யமஹாவின் பல மாடல்களில் அவை பச்சை. மெர்க்குரியில் பெரும்பாலும் மஞ்சள். பழைய ஜான்சன், எவின்ரூடில் ஒன்று மஞ்சள், மற்றது சாம்பல் கோடு போட்ட மஞ்சள். எஞ்சினை நிறுத்திவிட்டு அவற்றைக் கழற்றுங்கள். இரண்டுக்கும் இடையே ஓம் மிகக் குறைவாக, ஒன்றிரண்டுக்குள் இருக்கவேண்டும். சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் கிடைக்கும். எர்த்துக்கும் இந்த வயர்களுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. தொடர்பு இருந்தால் காயிலின் காப்பு உருகிவிட்டது. பிறகு மீட்டரை ஏசியில் வைத்து, முதலில் ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பாருங்கள். திராட்டிலைக் கொஞ்சம் கூட்டும்போது வோல்டேஜும் சீராக ஏறினால் ஸ்டேட்டர் நலம்.

வெறும் ரெக்டிஃபையராக இருந்தால் அதை மீட்டரின் டயோடு சோதனையில் பார்க்கலாம். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம். ஒரு திசையில் அரை வோல்ட் அளவில் காட்டி, முனைகளை மாற்றினால் எதுவும் காட்டக்கூடாது. இரு திசையிலும் காட்டினாலோ இரு திசையிலும் காட்டாவிட்டாலோ அது போய்விட்டது. வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்த பெட்டி என்றால் இந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். அங்கே ஸ்டேட்டரும் வயரிங்கும் நலம் என்று உறுதியான பிறகு, மிஞ்சுவது அந்தப் பெட்டிதான் என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆர்பிஎம் மீட்டர் திடீரென்று செத்துவிட்டது. புதிது வாங்கவா? (நாகப்பட்டினம்)

பதில்: வாங்காதீர்கள். பல எஞ்சின்களில் அந்த மீட்டருக்குத் துடிப்பு வருவதே சார்ஜிங் பகுதியிலிருந்துதான். அது நின்றால் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். பெரும்பாலும் ரெக்டிஃபையர் போயிருக்கும்.

கேள்வி: புது ரெக்டிஃபையர் போட்டாலும் திரும்பத் திரும்ப எரிகிறது. மட்டமான சரக்கா? (காரைக்கால்)

பதில்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரி இல்லாவிட்டால் ஸ்டேட்டரின் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. வோல்டேஜ் எகிறி டயோடுகள் வெடித்துவிடும். தளர்ந்த டெர்மினலும் ஒவ்வொரு அலைக்கும் இதையே செய்கிறது. பழைய காரில் செய்வதுபோல, கேபிளைக் கழற்றிவிட்டு எஞ்சின் ஓடுகிறதா என்று சோதிக்கவே கூடாது. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் தொட்ட கணத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, இரவு வலைத் தொழிலுக்குப் போகிறோம். மெதுவாகவே ஓடுவோம். மீன் காட்டும் கருவி, விளக்குகள், ஜிபிஎஸ் எல்லாம் உண்டு. விடியும்போது பற்றரி இறங்கிவிடுகிறது. (முல்லைத்தீவு)

பதில்: தம்பி, உங்கள் எஞ்சினில் பழுது இல்லாமலேகூட இப்படி நடக்கும். 80 வாட் காயில் என்றால் 6, 7 ஆம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். ஐட்லிங்கில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். இரவு முழுதும் நீங்கள் எடுப்பது அதைவிடக் கூடுதல். விளக்குகளை எல்இடியாக மாற்றுங்கள். கருவிகளுக்கென்று தனிப் பற்றரி வையுங்கள்; ஸ்டார்ட் செய்யும் பற்றரியை அவற்றுக்குத் தரவேண்டாம். பகலில் படகு கரையில் நிற்கும்போது கன்ட்ரோலரோடு ஒரு சிறு சோலார் பேனல் இருந்தால் அந்தத் தனிப் பற்றரி மாலைக்குள் தேறிவிடும். கடலில் இரவில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் எவ்வளவு பெரிய ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

கேள்வி: ஏரியில் ஓட்டும் 1980களின் எவின்ரூட் என்னிடம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி போடலாமா? அந்த நிறுவனத்தின் பாகங்கள் இனிக் கிடைக்குமா? (ஒண்டாரியோ, கனடா)

பதில்: ரெகுலேட்டர் இல்லாத, வெறும் ரெக்டிஃபையர் மாடல் என்றால் வேண்டாம். முழு வேகத்தில் வோல்டேஜ் 15ஐத் தாண்டும். தண்ணீர் ஊற்றும் சாதாரண ஈய அமிலப் பேட்டரி அதைப் பொறுத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டர் அளவை அடிக்கடி பார்த்தால் போதும். மூடிய பேட்டரிகளும் லித்தியமும் பொறுக்காது. எவின்ரூட் எஞ்சின் தயாரிப்பு 2020இல் நின்றுவிட்டாலும், ஸ்டேட்டரும் ரெக்டிஃபையரும் மற்றவர்கள் தயாரித்து விற்பது கிடைக்கின்றன.

கேள்வி: ஓட்டும்போது 14 வோல்ட் காட்டுகிறது. ஆனால் இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி காலி. (பாம்பன்)

பதில்: எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் இணையுங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொட்டால் மீட்டர் எரிந்துவிடும், கவனம். மின்சாரம் ஓடுவதாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதையும் பிடுங்கி நிற்காமல், ரெக்டிஃபையரின் சிவப்பு வயரைக் கழற்றியதும் நின்றால், டயோடு பின்பக்கமாகக் கசிகிறது. அதை மாற்றுங்கள்.