நகரத்துக்கு வரவு செலவு எழுதும் படிப்பு

'நகர வளர்சிதை மாற்றப் பகுப்பாய்வு' படிக்கப் போவதாக மகள் சொல்கிறாள், அது உயிரியலா, அதற்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரியலிலிருந்து எடுத்தது பெயர் மட்டும்தான். செய்வது கணக்குப்பிள்ளை வேலை; ரூபாய்க்குப் பதில் டன்.

ஓராண்டில் நகரத்துக்குள் எவ்வளவு நீர், எரிபொருள், உணவு, சிமென்ட் வருகிறது, எவ்வளவு கழிவுநீராகவும் குப்பையாகவும் புகையாகவும் வெளியேறுகிறது, எவ்வளவு கட்டடமாகவும் சாலையாகவும் உள்ளேயே தங்குகிறது என்று பார்ப்பார்கள். வரவு, செலவோடு இருப்பில் கூடியதைச் சேர்த்ததற்குச் சமமாக வேண்டும். 1965-இல் ஏபல் வோல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 10 லட்சம் பேர் வாழும் கற்பனை அமெரிக்க நகரம் ஒன்றுக்கு இப்படிக் கணக்குப் போட்டார்: நாளொன்றுக்கு 6,25,000 டன் நீர், 9,500 டன் எரிபொருள், 2,000 டன் உணவு. நீரே சுமார் 98 விழுக்காடு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் மற்றவை கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் நீருக்குத் தனிப் பேரேடு.

மாணவர்கள் முதலில் சறுக்குவது காற்றில். 12 கிலோ கார்பன் முழுதும் எரிந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். கூடுதல் 32 கிலோ காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். அதை வரவில் எழுத மறந்தால் செலவு வரவைத் தாண்டிவிடும். குப்பையிலும் இதே தொல்லை: மழையில் நனைந்த குப்பை எடைமேடையில் கூடுதலாகக் காட்டும். ஈர எடையா உலர் எடையா என்று குறிக்காத எண்ணை நம்பவே கூடாது.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு, அது அறிக்கைகளில் அழகாகவே இருக்கும். நகர அளவில் தரவு கிடைக்காதபோது நாட்டின் மொத்த நுகர்வை மக்கள்தொகைப்படி பங்கிட்டுவிடுவார்கள். அப்புறம் 'இந்த நகரம் தேசிய சராசரியில் இருக்கிறது' என்று முடிவு வரும். வராமல் எப்படி இருக்கும்? நகரம் எதுவரை என்று கணக்குக்குப் போடும் எல்லைக் கோட்டிலும் இப்படித்தான். தொழிற்சாலைகளை வெளியே தள்ளிய நகரம் திடீரெனச் சிக்கனமாகத் தெரியும். அந்தப் பொருள்களை வாங்குவது மட்டும் நின்றிருக்காது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெயரில் பதவி தேடினால் ஏமாற்றம்தான். நீர்த் தணிக்கை, திடக்கழிவுத் திட்டமிடல், பசுமைக்குடில் வாயுக் கணக்கெடுப்பு, பொருள்களின் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருளைச் செய்வதிலிருந்து தூக்கி எறிவதுவரை சூழலுக்கு ஆகும் பாதிப்பின் கணக்கு) என்று தேடச் சொல்லுங்கள். இளநிலையில் இவ்வளவு குறுகிய பெயருள்ள படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதிப் பொறியியலில் நிறைச் சமநிலையை, அதாவது எடையில் போடும் இதே வரவு செலவுக் கணக்கை, தொடக்கத்திலேயே போட்டுப் பழக்கிவிடுவார்கள். சிவிலும் சுற்றுச்சூழல் பொறியியலும் அடுத்தபடி. புவியியலோ பொருளாதாரமோ என்றாலும் சரி, புள்ளியியலை விடக்கூடாது. முதுநிலையில் நெதர்லாந்தின் லைடன், டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் தொழில்சார் சூழலியல் (இண்டஸ்ட்ரியல் ஈகாலஜி) போன்றவற்றைப் பார்க்கலாம். கருவிகளுக்குச் செலவில்லை: பொருள் வரத்துக் கணக்குக்கு வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான், வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், இரண்டும் இலவச மென்பொருள்கள். ஆனால் வேலை நாளில் பாதி, பல துறைகளின் ஒட்டாத அட்டவணைகளை ஒரே அலகுக்குக் கொண்டுவருவதிலேயே போகும்.

அது அவளுக்குப் பிடிக்குமா என்று இப்போதே பார்த்துவிடலாம். விடுதியோ குடியிருப்போ, ஒரு கட்டடத்துக்கு ஒரு மாதக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நீர், மின் மீட்டர் அளவு. தீர்ந்த எரிவாயு உருளைகள். வார இறுதியும் சேர்த்துத் தொடர்ந்து 7 நாள் குப்பை எடை, ஈரமும் உலர்ந்ததும் தனித்தனியே. மாத முடிவில் துண்டு விழும். நீர் தோட்டத்துக்குப் போயிருக்கலாம், குழாயில் கசிந்திருக்கலாம், மீட்டரே தவறாகக் காட்டியிருக்கலாம். துண்டை மறைக்க எண்ணைத் திருத்துகிறாளா, கசிவைத் தேடி மொட்டைமாடித் தொட்டிவரை ஏறுகிறாளா என்று பார்த்துவிட்டு விண்ணப்பப் படிவத்தை வாங்குங்கள்.