மாகாளிக்கிழங்கு அருகிவருகிறது, தயிர் பாக்டீரியா மட்டும் ஏன் குறைவதில்லை?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மாகாளிக்கிழங்கை நறுக்கி மோரில் ஊறப்போடுவார்கள். நீங்கள் கேட்ட இரண்டு உயிர்களும் அந்த ஒரே ஜாடிக்குள் இருக்கின்றன.

அருகிவரும் இனம் என்றால், புதிதாக முளைப்பதைவிட வேகமாக அழிந்துகொண்டிருக்கும் இனம். மாகாளி, பூத்துக் காய்க்கும் ஒரு கொடி. டெல்டா மண்ணில் விளைவதில்லை, மலைக்காடுகளிலிருந்துதான் சந்தைக்கு வருகிறது. நாம் தின்பது அதன் வேரை. வேரைத் தோண்டினால் கொடியே போயிற்று. விதை முளைத்து மறுபடி வேர் பருக்கச் சில வருடங்களாவது வேண்டும். அதுவரை யார் பொறுப்பார்கள்?

தயிர் பாக்டீரியா ஒற்றைச் செல். பூவும் வேண்டாம், விதையும் வேண்டாம். வெதுவெதுப்பான பால் கிடைத்தால் இரண்டாகப் பிளக்கும், அப்புறம் நான்கு, எட்டு. ராத்திரி ஒரு ஸ்பூன் உறை ஊற்றினால் விடிவதற்குள் கோடிக்கணக்கில்!

2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்க எத்தனை வருடம் காத்திருந்தோம்? வாய்க்காலில் அள்ளிப்போட்ட ஆகாயத்தாமரையோ கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. மாகாளி அந்தத் தென்னை மாதிரி, தயிர் பாக்டீரியா ஆகாயத்தாமரை மாதிரி.

செல்லுக்குச் சுவர் இருப்பதால் பாக்டீரியாவைக் குட்டித் தாவரம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அதன் செல்லில் உட்கருவே கிடையாது, சுவரும் வேறு பொருளால் ஆனது.