என்.ஓ.சி. வாங்கிவிட்டால் கார் கைமாறிவிட்டதாக அர்த்தமில்லை

“காருக்கு உரிமையாளர் பெயரை மாற்றுவதும், பதிவை வேறு மாநிலத்துக்கு மாற்றுவதும் ஒன்றுதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர் அனேகமாகக் காரை விற்கப்போகிறவர். வாங்குபவர் வெளிமாநிலத்தில் இருப்பார். நடுவில் ஒரு தரகர், “எல்லாம் ஒரே வேலைதான் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றிருப்பார். என்னிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

இரண்டும் வேறு வேறு. வண்டி யாருடையது என்பது பெயர் மாற்றம். அதற்குப் படிவம் 29, 30. வண்டி எந்த மாநிலத்தில் ஓடுகிறது என்பது பதிவு மாற்றம். அதற்குப் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்கி, போகிற ஊரில் படிவம் 27 கொடுத்துப் புது எண் பெறவேண்டும். விற்காமல் நீங்களே குடிபெயர்வதானால் இரண்டாவது மட்டும் போதும். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊர் மாறினால் அதுவும் வேண்டாம். முகவரியை மாற்றினால் போதும், எண் அப்படியே இருக்கும்.

2016-ல் கோவையில் என் டி.என். 38 காரைப் பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு விற்றேன். தரகர் ஒரு வெள்ளைத் தாளை, வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். கறுப்புக்கு நடுவே ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையாய் எழுந்து வந்தது. ஒன்பது வருடம் ஓட்டிய வண்டியின் அந்த எண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதில் லயித்துப்போய் நின்றவனிடம் தேதி எழுதாத 29, 30 படிவங்களை நீட்டினார். போட்டேன் கையெழுத்து. சில வாரங்களில் என்.ஓ.சி. வந்தது. “வேலை முடிந்தது சார்” என்றார்.

முடியவில்லை. அடுத்த வருடம் ஒரு காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. கிருஷ்ணகிரி அருகே என் கார் ஒரு மோட்டார் சைக்கிளில் மோதிவிட்டதாம். “என் கார் இல்லையே, விற்றுவிட்டேனே” என்றேன். “ஆர்.சி.யில் உங்கள் பெயர்தானே இருக்கிறது?” என்றார்கள்.

அடுத்த நாளே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓடினேன். என்.ஓ.சி. கொடுத்தாகிவிட்டது, இனி இங்கே பெயர் மாற்ற முடியாது என்றார்கள். பெங்களூரிலோ அந்தப் பையன் விண்ணப்பமே கொடுக்கவில்லை. கொடுத்தால் கர்நாடகாவுக்கு ஆயுட்கால வரி கட்டவேண்டுமே! வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புது எண் வாங்கியே தீரவேண்டும் என்பது சட்டம். அதுவரை தள்ளிப்போடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். ஆனால் அந்த 12 மாதம் எண்ணுக்குத்தான். வாங்கியவர் பெயர் மாற்றத்துக்கு 30 நாளில் விண்ணப்பிக்கவேண்டும். கார் திரிசங்கு போல நடுவில் நிற்க, பெயர் மட்டும் என் தலையில்.

இழப்பீட்டு வழக்கில் நான் முதல் எதிர்மனுதாரர். வாய்தா வாய்தாவாகக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். அது நடந்துகொண்டிருந்தபோதுதான், 2018-ல், உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். என் வழக்கறிஞர் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. நல்லவேளை, பையன் காப்பீட்டை விடாமல் புதுப்பித்திருந்தான், அதுவும் என் பெயரிலேயே. பணம் காப்பீட்டு நிறுவனம் கட்டியது.

“படித்தவர், தேதி போடாமலா கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஆமாம், போட்டேன். இதைக் கேட்பவர்களில் எத்தனை பேர் வங்கிக் கடன் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டீர்கள்? எல்லாத் தரகர்களையும் நான் குறை சொல்லவும் இல்லை. நான் வழக்கறிஞரும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வழக்குக்காக அடையாளச் சான்றுகளைக் கொடுத்தபோது, ஆர்.சி.யில் இனிஷியலும் வேறொரு சான்றில் அப்பாவின் முழுப் பெயரும் இருந்ததால் இருவரும் ஒருவர்தான் என்று பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். இணையப் படிவங்களிலோ ‘குடும்பப் பெயர்’ கட்டத்தை நிரப்பாமல் விடுவதில்லை, அதில் அப்பா பெயரைத்தான் போடவேண்டியிருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் இறந்துபோன என் அப்பாவை வங்கிக்காரர்கள் இன்றும் ‘மிஸ்டர்’ போட்டு அழைக்கிறார்கள், என்னைப் பார்த்து. தமிழனுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, உங்கள் விஷயம். வாங்குபவர் வெளிமாநிலத்துக்காரர் என்றால், சாவியைக் கொடுத்த தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்றும் அவருடைய முகவரிச் சான்று நகலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படிவம் 29-ல் தேதி போட்டு நீங்களே அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தரகர் கையில் கொடுக்காதீர்கள். புது ஆர்.சி.யின் நகல் வரும்வரை வாங்கியவரைத் தொலைபேசியில் விடாதீர்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.