அப்பாவின் சாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருகோணமலையில், திருக்கடலூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே சட்டை, பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மிஞ்சுகிற வெட்டுத்துணிகளை எறிய மனமில்லாமல் இரண்டு உரப்பை நிறையச் சேர்த்துவிட்டேன். அவற்றில் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு குவில்ட், அதாவது துணிகளை அடுக்கித் தைக்கிற போர்வை, செய்ய ஆசை. போனில் பின்டரஸ்ட் படங்களைப் பார்த்து நாலு செய்தேன். எல்லாமே யாரோ செய்தது மாதிரி இருக்கிறது. ஐடியாவை எங்கேயிருந்து எடுப்பது? கடலுக்குப் போய்வந்த அப்பா இடுப்பில் கட்டிய சாரங்களும் (லுங்கி) மூன்று இருக்கின்றன. அவர் இப்போது இல்லை. வெட்ட மனம் வரவில்லை, அதை விடுவோம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அதை விடுவோம் என்கிறீர்கள், என்னால் விட முடியவில்லை. கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

போனில் நாம் பார்ப்பது, வேறொருவர் பார்த்து, தெரிந்தெடுத்து, தைத்து முடித்ததை. அவர் எதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினார் என்பது அதில் தெரியாது. அதனால் அவருடைய முடிவைத்தான் நம் கை திரும்பச் செய்கிறது.

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் நிற்கிற மான்களை எத்தனை தரம் கடந்திருப்பீர்கள்? அடுத்த முறை ஒன்றின் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். முதுகில் கறுத்த கோடு, அதை ஒட்டி வரிசையாகப் புள்ளிகள். விலாவில் சிதறிக் கிடக்கும். வயிற்றுக்குக் கிட்ட வர வர ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, ஒரு கோடு போலவே ஆகிவிடும். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுகிற நூலோட்டத் தையல் அப்படியே! ஒரு வருடம் முழுக்க நான் அந்தக் கோட்டை மட்டும் தைத்தேன். மண்ணிறத் துணி, வெள்ளை நூல், அவ்வளவுதான். மானின் உருவம் ஒன்றிலும் இல்லை. பார்த்தவர்கள் சிலர் மழை என்றார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

பழைய வலையில் வேறு நிற நூல் ஓட்டி வலை பொத்துகிறவர்களையும் அப்படி நின்று பாருங்கள். தேரில் தொங்குகிற தொம்பையையும் பாருங்கள், துணிமேல் துணி வைத்துத் தைத்ததுதானே அதுவும்.

சரி, சாரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடுகிற கீஸ் பென்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்து அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஐடியா. அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்குத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின.

உங்களுக்கு வெட்ட மனம் வரவில்லை என்றால் வெட்டவே வேண்டாம். வங்காளத்தில் காந்தா தைக்கிறவர்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே நூலோட்டம் போடுவது வழக்கம். குவில்ட் என்றால் மேல், நடு, அடி என்று மூன்று அடுக்கு. உங்களிடம் இருப்பதும் மூன்று சாரம்.

மூட்டியிருக்கிற தையலை மட்டும் பிரித்து, காலை வெளிச்சத்தில் வாசலில் விரித்துப் பாருங்கள். கட்டம் போட்ட சாரம் என்றால் கோடு கீறக்கூடத் தேவையில்லை. இடுப்பில் செருகிய பகுதி எப்படி இருக்கிறது, வெயில் பட்ட பகுதி எப்படி இருக்கிறது, அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடம் எது? அந்த இடங்களில் தையல் நெருக்கமாக வரட்டும். ஆக மங்கிய சாரத்தை மேலே வையுங்கள். தையலை ஓரத்தில் தொடங்காதீர்கள், நடுவில் துணி பொங்கிவிடும். நடுவிலிருந்து வெளியே வாருங்கள். உரப்பைகள் இரண்டும் இப்போதைக்கு மூலையிலேயே கிடக்கட்டும்.

அன்புடன்,
அக்கா