தூளிக்கு ஒரு சொல்

வணக்கம் அம்மா,

நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஸ்டார் ட்ரெக் படங்களிலும் தொடர்களிலும் வரும், மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் உருவாக்கிய கிளிங்கான் மொழியை ஆறு வருடங்களாகப் படிக்கிறேன். போன மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு அந்த மொழியில் ஒரு தாலாட்டு எழுத உட்கார்ந்தேன். தூளி, பால்மணம், சீராட்டு என்று நான் தேடிய எதற்கும் சொல் கிடைக்கவில்லை. கடைசியில் நானே நாற்பத்திரண்டு சொற்களை உருவாக்கி, எக்செல்லில் பட்டியல் போட்டு, நாங்கள் படிக்கும் குழுவுக்கு அனுப்பினேன். "மார்க் ஓக்ராண்ட் தராத சொல், சொல்லே இல்லை" என்று மூத்தவர்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். மனசு விட்டுப்போயிற்று. ஒரு மொழி ஒரே மனிதர் கையில் இருப்பது நியாயமா? சட்டப்படி அது படக் கம்பெனிக்குச் சொந்தமா? பாகுபலி படத்தில் வரும் நம்முடைய கிளிக்கி மொழிக்கும் நாளை இதே நிலைதானா? நீங்கள் சொல்ல வேண்டும்.

ஆர்.


அன்புள்ள தம்பி,

முதலில் குழந்தைக்கு என் ஆசி. தூளி கட்டியாயிற்றா? துவைத்துத் துவைத்து நைந்த பழைய நூல்சேலையில் கட்டுங்கள். புதுத்துணி பிஞ்சு முதுகை உறுத்தும்.

வரும் கடிதங்களுக்கெல்லாம் நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதக் காரணம், ஒரு வாரமாக நானும் என் அக்காவும் போனில் ஒரு பழைய நோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தை விட்டுவிடுங்கள். 2016இல் அமெரிக்க நீதிமன்றத்தில் இது ஒரு வழக்கின் நடுவே கிளம்பியது. மொழி எப்படி ஒருவரின் சொத்தாகும் என்று கேட்டு, இடையிடையே கிளிங்கானிலேயே வரிகள் எழுதி மனுவெல்லாம் போட்டார்கள். நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை, மறு வருடம் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டன. குழந்தையைத் தூங்கவைக்கப் பாடும் பாட்டுக்கு யாரும் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. மதன் கார்க்கியின் கிளிக்கியைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். அதை வீட்டில் வைத்துப் பேசுகிற ஒருவரையாவது நான் பார்த்த பிறகு.

ஒரே மனிதர் கையில் மொழி இருக்கலாமா என்று கேட்டீர்கள். இருந்து பாழானதும் உண்டு. ஜெர்மனியில் ஷ்லையர் என்ற பாதிரியார் 1879இல் வோலபூக் என்று ஒரு மொழியைச் செய்தார். பத்தே வருடத்தில், 1889இல் பாரிஸில் கூடிய மாநாடு முழுக்க அந்த மொழியிலேயே நடந்தது. கூடியவர்கள் திருத்தங்கள் கேட்டார்கள். கடைசி வார்த்தை என்னுடையதுதான் என்று பாதிரியார் பிடிவாதம் பிடித்தார். அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை. 1887இல் எஸ்பெராண்டோவை வெளியிட்ட ஸாமென்ஹோஃப், இது எனக்குச் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது என்று முதலிலேயே கையைக் கழுவிக்கொண்டார். அது இன்றும் பேசப்படுகிறது. இந்தக் கணக்குப்படி கிளிங்கான் என்றோ செத்திருக்க வேண்டும். 1992இல் தொடங்கிய கிளிங்கான் மொழிக் கழகம், புதுச்சொல் ஓக்ராண்டிடமிருந்துதான் வரவேண்டும் என்பதை வேதவாக்காக வைத்திருக்கிறது. வருடா வருடம் கூடி, எங்களுக்கு இன்னின்ன சொற்கள் வேண்டும் என்று பட்டியல் கொடுக்கிறார்கள். அவர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இத்தனை கெடுபிடி இருந்தும் அது வாழ்கிறது.

ஏன் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஓக்ராண்ட் ஒருபோதும் "நான் இந்தச் சொல்லை உண்டாக்கினேன்" என்று பேசுவதில்லை. 1984இல் வந்த மூன்றாவது ஸ்டார் ட்ரெக் படத்தின் முடிவில் மால்ட்ஸ் என்ற கிளிங்கான் வீரன் சிறைபிடிக்கப்படுகிறான், ஞாபகம் இருக்கிறதா? அவன் இன்னும் உயிரோடு இருப்பதாகவும், அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் தனக்குச் சொல் தெரியவருவதாகவும் ஓக்ராண்ட் சொல்வார். உங்களைப் போன்றவர்கள் இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

1977இல் பெர்க்லியில் அவர் வாங்கிய முனைவர் பட்டம் முத்சுன் மொழியின் இலக்கணத்துக்காக. கலிஃபோர்னியாவில் சான் ஹுவான் பவுத்திஸ்தா பக்கத்துப் பூர்வகுடிகளின் மொழி அது. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனுஷி அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் இறந்துபோனார். படுக்கையில் கிடந்த அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் சொல் சொல்லாக எழுதிக்கொண்டார். ஓக்ராண்ட் பிறந்தது 1948இல். அவருக்குக் கிடைத்தது அந்தக் காகிதங்கள் மட்டும். ஒரு வினைச்சொல்லின் இறந்தகாலம் புரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? காகிதம் பதில் சொல்லாது. அப்படி வருடக்கணக்கில், கேட்க ஆளில்லாத மொழியோடு மல்லுக்கட்டிய மனிதர், பிறகு ஒரு மொழியைக் கற்பனையாகச் செய்ய நேர்ந்தபோது, கூடவே சாகாத ஒரு பேச்சாளனையும் செய்து வைத்துக்கொண்டார். நான் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் வாயால் கேட்டதில்லை, ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறேன். இன்று முத்சுன் சந்ததியினர் அந்தக் காகிதங்களிலிருந்து தங்கள் மொழியைத் திரும்ப எடுத்துப் பேசப் பழகுகிறார்கள். 2016இல் அகராதியும் வந்துவிட்டது.

இப்போது உங்கள் நாற்பத்திரண்டு சொற்களுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டியலை நான் முழுக்கப் படித்தேன். நாற்பத்திரண்டு சொற்களை உண்டாக்கியிருக்கிறீர்கள், அவற்றை வைத்து எத்தனை வரி எழுதினீர்கள்? கடிதத்தில் தாலாட்டில் ஒரு வரிகூட இல்லை தம்பி. எக்செல் இருக்கிறது, பாட்டு இல்லை. இந்த வியாதியை நான் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். கலைச்சொல் பட்டியல் போட ஆயிரம் பேர் வருவார்கள். அந்தச் சொற்களை வைத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். சொல் இல்லாததால் எழுதவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எழுதாததால்தான் சொல் இல்லை.

1985இல் வந்த ஓக்ராண்டின் முதல் அகராதியில் கப்பலை இயக்கும் மேடைக்குச் சொல் இருந்தது, ஆற்றுப் பாலத்துக்குச் சொல் இல்லை. அந்த அகராதியை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்து ஹாம்லெட் நாடகம் முழுவதையும் மொழிபெயர்த்தார்கள். கையில் இருந்த சொற்களைப் பிழிந்து, வளைத்து, சுற்றிப்போய்ச் சொன்னார்கள்.

ஓக்ராண்டே அப்படிச் செய்திருக்கிறார். 1991இல் வந்த ஆறாவது படத்தில், "இருப்பதா இறப்பதா" என்ற வரியைக் கிளிங்கானில் சொல்ல வேண்டும். அந்த மொழியில் "இரு" என்ற வினையையே அவர் வேண்டுமென்று வைக்கவில்லை. வாழ்வதைக் குறிக்கும் "யின்" என்ற சொல்லைப் போட்டுக் கொடுத்தார். நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அது ஒரு போர்வீரன் வாயில் வரும் ஒலியாகப் படவில்லை. ஓக்ராண்ட் வானத்தைப் பார்த்து ஒரு சொல்லைப் பிடுங்கவில்லை. தன் அகராதியைப் பார்த்தார். "-தாஹ்" என்று ஒரு விகுதி அதில் இருந்தது. நம்முடைய "வந்துகொண்டிரு" என்பதில் உள்ள "கொண்டிரு" போல, ஒரு வினையின் வாலில் ஒட்டி, அது தொடர்கிறது என்று சொல்வது. அந்த வாலைக் கழற்றி, தனியாக நிற்கவைத்து, வினையாக்கினார். "தாஹ்": தொடர்ந்து நில், தாக்குப்பிடி. இன்று கிளிங்கானில் ஒரே ஒரு வரி தெரிந்தவனுக்கும் அந்த வரி தெரியும். அந்தச் சொல் பாத்திரத்துக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

உங்கள் தூளியை எடுத்துக்கொள்வோம். உங்கள் பட்டியலில் அதற்கு "ஷ்ரெப்" என்று போட்டிருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது அது? கிளிங்கானில் கட்டிலுக்கு என்ன சொல்? "கோங்டாக்". கோங் என்றால் உறங்கு, டாக் என்றால் இடம். உறங்கிடம். எவ்வளவு அழகான சொல் அது! அந்த "ட"வை நாக்கை மடித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் வருடக்கணக்கில் பழகினாலும் வராத ஒலி, உங்களுக்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது. குழந்தைக்குச் சொல் இருக்கிறது. தொங்கவிடுவதற்கும் சொல் இருக்கிறது. துணிமணிக்கும் இருக்கிறது. தொங்கும் உறங்கிடம், பிள்ளையின் தொங்கும் உறங்கிடம், அம்மாவின் துணியில் தொங்கும் உறங்கிடம். ஒரு தாலாட்டில் முதல் மூன்று வரி உங்களுக்கு வந்துவிட்டதே! தாலாட்டு எப்போதும் அப்படித்தானே போகும்? சொன்னதையே சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொல்லைக் கூட்டி. போதாததற்கு அந்த மொழியில் செயப்படுபொருள் முன்னால், எழுவாய் கடைசியில். "ஆனையை அடித்தார் மாமன்" என்று தூளியை ஆட்டுவதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ஷ்ரெப் என்று சொன்னால் ஒரு சொல்லோடு முடிந்துவிடும், பாட்டு வராது. சொல்லில்லாத இடத்தில்தான் பாட்டு வரும் என்று உங்களுக்குத் தெரியாதா?

நோட்டுக் கதையைச் சொல்கிறேன்.

1974. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் க-பாஷை தெரியும். "நாளை வா" என்பதை "கநாகளை கவா" என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த பிறகு அதில் என்ன ரகசியம்? அதனால் அக்கா எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு பாஷையை ஆரம்பித்தாள். காக்கி அட்டை போட்ட ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதுவாள். முதல் சொல் "லொடக்". அப்பாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். முதலில் அதற்கு "அப்பா வந்தாச்சு" என்று பொருள். பிறகு பயம். பிறகு, பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வாயை மூடுவது. "வாத்தியார் வந்ததும் கிளாஸே லொடக்காயிட்டு" என்பாள். அவள் யோசித்து எழுதியதில்லை. பேசிப் பேசி அப்படி ஆனது.

எனக்கு அம்மை போட்டிருந்தபோது பள்ளிக்கூடம் போகாமல் வேப்பிலைக்கு நடுவே படுத்துக் கிடந்தேன். ஒரு மத்தியானத்தில் இருபது சொற்களை நானாகவே எழுதிவிட்டேன். மேகத்துக்கு ஒன்று, வெட்கத்துக்கு ஒன்று, கிணற்றின் எதிரொலிக்கு ஒன்று. பெருமை தாங்கவில்லை. அக்கா சாயங்காலம் வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே வாசித்தாள். "ஏட்டி, இத யாருகிட்ட பேசப்போற?" என்றாள். அவ்வளவுதான். நோட்டை மூடிப் பரணில் போட்டுவிட்டாள். நான் அழுத அழுகையில் அம்மை இன்னும் ஏறிவிட்டதாக அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட ஒருநாளும் பேசவில்லை. உங்கள் குழுவின் மூத்தவர்களாவது ஒரு வரி எழுதிச் சொன்னார்கள்.

அந்த இருபதில் ஒன்று "சூமணி". காலையில் பாயைச் சுருட்டிய பிறகு சிவப்புத் தரையில் கொஞ்ச நேரம் நிற்குமே கதகதப்பு, அதற்கு. எங்கள் பூனை மணி, பாயை எடுத்த உடனே ஓடிவந்து அந்த இடத்தில் சுருண்டுகொள்ளும். சூடும் மணியும் சேர்ந்து சூமணி. மற்ற பத்தொன்பதும் என் தலைக்குள்ளிருந்து வந்தவை. இது ஒன்றில்தான் அக்காவும் பார்த்த பூனை இருந்தது. இதையெல்லாம் நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவள் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். முதுகுவலிக்காரன், தரையில்தான் படுப்பான். விடியற்காலையில் விமானம். கார் தெருமுனை திரும்பிய பிறகு உள்ளே வந்திருக்கிறாள்.

"போயிட்டான் ட்டி. இப்பதான் பாயச் சுருட்டினேன். தரை இன்னும் சூமணியா இருக்கு."

சொல்லிவிட்டு, காபி போடவே மனசில்லை என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். சொன்னதை அவள் கவனிக்கவில்லை. எனக்குக் கை நடுங்கிற்று. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது தம்பி. நான் எழுதிக் கொடுத்த அன்று அது சொல் ஆகவில்லை. அந்த விடிகாலையில் அவள் என்னைக் கேட்காமல் எடுத்துப் பேசியபோதுதான் ஆயிற்று. அதற்குப் பிறகு நானே கேட்டு ஞாபகப்படுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நோட்டு எங்கே இருக்கும் என்று இருவரும் தேட ஆரம்பித்திருக்கிறோம்.

உங்கள் பட்டியலை அழிக்க வேண்டாம். மூடி வையுங்கள், ஒரு வருடத்துக்குத் திறக்காதீர்கள். இன்று இரவு கோங்டாக் என்று தொடங்கி, இருக்கும் சொற்களை வைத்து, குழந்தையின் காலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பாடுங்கள். உங்கள் மனைவிக்கும் ஒரு வரி சொல்லிக்கொடுங்கள். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஒரு மொழியியலாளர், பிறந்த மகனிடம் மூன்று வருடம் கிளிங்கானிலேயே பேசிப் பார்த்தார். மற்ற எல்லோரும் பையனிடம் ஆங்கிலம் பேசினார்கள். ஒரு கட்டத்தில் பையனுக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் அப்பா நிறுத்திக்கொண்டார். உங்கள் மகளும் முகத்தைத் திருப்பினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். மல்லுக்கட்டாதீர்கள்.

திருப்பாவிட்டால், பேச்சு வரும் வயதில் அந்தத் தூளியைக் காட்டி அவள் வாயில் முதலில் என்ன வருகிறது என்று கேளுங்கள். கோங்டாக்கை அரையும் குறையுமாகக் கடித்து என்னவோ ஒன்று சொல்வாள். அதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். எனக்கு அனுப்புங்கள், அந்த மூத்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.