பதினோரு பாட்டு

அன்புள்ள ஐயா,

எனக்கு 62 வயது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு மரணத்துக்குப் போயிருந்தேன். இறந்தவர் இசைப் பைத்தியம். ஆனால் அன்று அங்கே ஒலித்ததோ, எந்த மாதிரிப் பாட்டுகளை அவர் வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தாரோ அந்த மாதிரிப் பாட்டு. யாரோ அவசரத்தில் எதையோ போட்டுவிட்டார்கள். அன்றிரவே உட்கார்ந்து, என் இறுதிச்சடங்கில் என்னென்ன ஒலிக்க வேண்டும் என்று எழுதினேன். பதினோரு பாட்டு சேர்ந்தது. மகளிடம் காட்டினேன். முதல் பாட்டின் பெயரைப் படித்ததும் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் குழந்தையாக இருந்தபோது நான் தினமும் பாடித் தூங்கவைத்த பாட்டு அது. இன்றும் இருவரும் சேர்ந்து பாடுவோம். "செத்த பிறகும் நீதான் முடிவு பண்ணணுமா?" என்கிறார் கணவர்.

இது அகங்காரமா? உங்களிடம் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா?

ச.

*

அன்புள்ள ச,

அகங்காரம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். உங்களைவிடப் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

ஜெர்மனியில் கெரா என்ற ஊரைத் தலைநகராகக் கொண்டு ஒரு சிறு நாட்டை ஆண்டவர் ஹைன்ரிஷ் போஸ்தூமுஸ். உயிரோடிருக்கும்போதே தன் சவப்பெட்டியைச் செய்யச் சொல்லி, அதன்மேல் எழுதவேண்டிய விவிலிய வசனங்களையும் துதிப்பாடல் வரிகளையும் தானே பொறுக்கி எடுத்தார். 1635 டிசம்பரில் இறந்தார். 1636 பிப்ரவரி 4 அன்று அடக்கம் நடந்தபோது, பெட்டியின்மேல் இருந்த அதே வரிகளுக்கு ஹைன்ரிஷ் ஷூட்ஸ் இசையமைத்துப் பாடவைத்தார். அந்த இசையை இன்றும் பாடுகிறார்கள். போஸ்தூமுஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதினோரு பாட்டெல்லாம் அடக்கமான ஆசைதான்.

ஆனால் இப்படிப்பட்ட ஆசைகளை நிறைவேற்றுவதற்கு வேறு யாரோ ஓடியாட வேண்டியிருக்கிறது. பியானோ இசையமைப்பாளர் ஷோபான், தன் இறுதிச்சடங்கில் மோட்சார்ட்டின் ரெக்வியம் (இறந்தவருக்கான தேவாலய வழிபாட்டு இசை) பாடப்பட வேண்டும் என்று கேட்டிருந்தார். 1849 அக்டோபர் 17 அன்று பாரிஸில் இறந்தார். அந்த இசைக்குப் பெண் குரல்கள் வேண்டும். சடங்கு நடக்கவிருந்த மத்லேன் தேவாலயத்திலோ பெண்கள் பாட அனுமதி இல்லை. அங்கே இங்கே பேசி, கடைசியில் பாடகிகளைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நிறுத்திப் பாடவைத்தார்கள். அதற்குள் அக்டோபர் 30 ஆகிவிட்டது. கேட்டவர் நிம்மதியாகப் படுத்திருந்தார். அலைந்தவர்கள் நண்பர்கள். நான் அந்த நண்பர்களில் ஒருவனாக இருந்திருந்தால், "ஏன்யா, ஒரு பியானோ துண்டு போதாதா உனக்கு?" என்று மனதுக்குள்ளாவது கேட்டிருப்பேன்.

சரி, உங்கள் மகளிடம் வருகிறேன். அவள் எழுந்து போனது உங்கள் சாவைப் பற்றிப் பேசப் பயந்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாட்டு தன் கையை விட்டுப் போகப்போகிறது என்பது அவளுக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். எங்களுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. நீண்ட கார்ப் பயணங்களில் அதைப் போட்டு, தாளம் தப்பாமல் இல்லை, தப்பித் தப்பி ஸ்டியரிங்கில் தட்டுவான். அவன் இறந்தபோது வீட்டார் அன்போடு அதே பாட்டைத்தான் போட்டார்கள். அவனே கேட்டிருந்தானாம். ஒன்பது வருடமாகிறது. இன்று அந்தப் பாட்டின் முதல் மூன்று நொடி காதில் விழுந்தால் எனக்குக் கார் தெரிவதில்லை, சாலை தெரிவதில்லை. அந்தக் கூடம் தெரிகிறது. வரிசையாகப் போட்ட நாற்காலிகளும், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்தான் தெரிகிறார்கள். ஒரு முறை முடிவெட்டுகிற கடையில் வானொலியில் அது வந்துவிட்டது. பாதி முகத்தில் நுரையோடு எழுந்து வாசலில் வந்து நின்றேன். நாலு நிமிடம் இருபது நொடி. எனக்கு அதன் நீளம் தெரியும்.

அவனுக்கு அது கடைசியாக ஒலித்த பாட்டு. அதற்குப் பிறகும் ஆயிரம் முறை அதைக் கேட்க வேண்டியிருந்தது எனக்கு. அவன் இதை யோசித்திருக்க மாட்டான். அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் யோசித்திருக்க மாட்டேன்.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியாரின் பாட்டு ஒன்று உண்டு (194). ஒரு வீட்டில் நெய்தல் கறங்குகிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது என்று தொடங்கும். உலகம் எவ்வளவு கொடியது பார் என்பதற்காக எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இப்போது அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. நெய்தல் என்பது சாப்பறை. சாவுக்கு ஒரு கருவி, மணத்துக்கு ஒரு கருவி. தெருவில் போகிற ஒருவன் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்வான். நெய்தலைக் கேட்டபடி யாரும் பிள்ளையைத் தூங்கவைத்திருக்க மாட்டார்கள். அதனால் அது சாவு வீட்டில் ஒலித்தபோது யாருடைய வேறு எந்த நினைவும் அடிபடவில்லை. ஷோபானின் சவ ஊர்வல இசையும் அப்படித்தான் ஆகிவிட்டது. அவரை அடக்கம் செய்தபோது அதையும் வாத்தியக் குழுவுக்காக மாற்றி வாசித்தார்கள். இரண்டு சுரம் கேட்டாலே இது சாவு என்று தெரிந்துவிடும். வேறெதற்கும் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, கார்ட்டூன்காரர்களைத் தவிர. நமக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டு வேண்டியிருக்கிறது: காதலுக்கும், பயணத்துக்கும், தாலாட்டுக்கும், கடைசியில் இதற்கும்.

ஆகவே முதல் பாட்டை அடித்துவிடுங்கள். மற்ற பத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். ஒவ்வொன்றிலும் உங்களோடு இன்னொருவர் பங்காளியா? ஆம் என்றால் அவரைக் கேளுங்கள். கேட்க முடியாது என்றால் அதுவும் வேண்டாம். எனக்கென்னவோ மூன்றுக்கு மேல் தேறாது என்று தோன்றுகிறது. மூன்றே அதிகம். நின்றுகொண்டிருப்பவர்களுக்கு ஆறு நிமிடம் என்பது அரைமணி நேரம்.

"யாராவது பாடட்டும்" என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அழுகை வரும்போது குரல்நாண்களுக்கு நடுவில் உள்ள திறப்பு விரிந்தே இருக்கப் பார்க்கும். விழுங்குவதற்கு அது மூட வேண்டும். இந்த இழுபறியைத்தான் தொண்டை அடைக்கிறது என்கிறோம். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு உங்கள் மகளைப் பாடச் சொல்வது கொடுமை. வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் நரம்பு வாத்தியம் வாசிக்கலாம். கை, தொண்டையைவிடச் சொன்னபடி கேட்கும்.

அப்புறம் தாளை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். உயிலோடு வைத்தால், பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது அதைப் பிரிப்பார்கள். உங்கள் பூட்டிய கைபேசிக்குள் இருந்தால் அதுவும் உங்களோடு போய்விட்டது போலத்தான். பாட்டையும் கோப்பாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். என் நண்பனின் பாட்டை ஒருவர் தன் கைபேசியில் இணையத்திலிருந்து ஓடவிட்டார். அது முடிந்த கையோடு ஒரு பெண் குரல் வந்து, தனிநபர் கடன் வேண்டுமா என்று மிகுந்த உற்சாகத்தோடு கேட்டது. அவன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அந்த ஒன்றுதான் அன்றைக்கு அவனுக்குப் பிடித்திருக்கும்.

பிராம்ஸ் இசையமைத்த ஜெர்மன் ரெக்வியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1868 இல் பிரேமனில் முதலில் பாடப்பட்டது, அப்போது ஆறு பகுதிகள். பிறகு இன்னொன்றைச் சேர்த்து ஏழாக்கினார். வழக்கமான லத்தீன் ரெக்வியம், இறந்தவருக்கு இளைப்பாறுதலைத் தாரும் என்று தொடங்கும். பிராம்ஸ் அதைத் தொடவேயில்லை. துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்ற வரியில் ஆரம்பித்தார். அம்மாவை இழந்து மூன்று வருடம் ஆகியிருந்தது அவருக்கு. படுத்திருப்பவரை விட்டுவிட்டு நிற்பவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட இசை. உங்கள் பட்டியலை எழுதும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள்?

உங்களுக்கே கேட்க வேண்டும் என்று ஆசை இருந்தால் அது வேறு விஷயம். இசையமைப்பாளர் ஷூபர்ட் சாவதற்கு ஐந்து நாள் முன்பு, நண்பர்களை வரவழைத்து நான்கு நரம்பு வாத்தியங்களுக்காக பீத்தோவன் எழுதிய சி ஷார்ப் மைனர் நால்வர் இசையைத் தன் படுக்கை அருகே வாசிக்கச் சொன்னாராம். அதுதான் சரியான வழி என்பேன். பதினோரு பாட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் போடுங்கள். முதல் பாட்டை நீங்களும் மகளும் பாடுங்கள். எதற்காக என்று சொல்ல வேண்டாம்.

என் பட்டியலைக் கேட்டிருந்தீர்கள். நாலு பாட்டு இருந்தது, நண்பன் போன பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இப்போது ஒரே ஒரு சாக்ஸபோன் துண்டு, மூன்று நிமிடம். எனக்கு மட்டும் பிடிக்கும். என் மனைவிக்கு அதைக் கேட்டாலே தலைவலி. முப்பது வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்கிறேன். அவள் இழப்பதற்கு அதில் எதுவும் இல்லை என்று பெருமையாக விளக்கினேன்.

"அன்னைக்குமா அதை நான் கேட்டாகணும்?" என்றாள்.