கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமாளிக்க முடியுமா?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: தாராளமாக. வெள்ளிக்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், விடுமுறை. பாந்தியன் சாலையில் இருக்கும் அது ஒரே கட்டடம் இல்லை, பெரிய வளாகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் அம்மாவின் முழங்கால் என்ன, உங்கள் முழங்காலே மக்கர் செய்யும்!

நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். தூக்கிய பாதத்தைப் பார்த்தது போதும். ஊன்றிய காலுக்குக் கீழே மிதிபட்டுக் கிடக்கும் முயலகன் என்ற அசுரனையும் குனிந்து பாருங்கள், பலர் பார்ப்பதில்லை. ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பழைய பௌத்தச் சிற்பங்கள் அடுத்தது. பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தால் திமிங்கல எலும்புக்கூடு காப்பாற்றும்.

அம்மாவை மரநிழலில் உட்கார வைத்துவிட்டு, 1896இல் கட்டிய சிவப்பு நாடக அரங்கை வெளியிலிருந்தாவது ஒரு சுற்று பாருங்கள். அதே ஆண்டு திறந்த கன்னிமாரா நூலகமும் பக்கத்திலேயே. சாப்பாட்டை மட்டும் வெளியே முடித்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் ஓட்டலுக்கா பஞ்சம்? அப்புறம், தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம்.